ஜன்னல் கண்ணாடியில் எட்டு மூச்சு

மாலை நாலு இருபது. முற்றத்தில் எட்டு நாற்காலிகள். வீட்டுக்காரர் பெயர் தேவசித்தம்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு. கொள்ளைநோய் நாட்டைச் சுற்றிக்கொண்டிருந்த குளிர்காலம். 2020ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் கழிந்து இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அந்த வீட்டின் முன்னறை ஜன்னல், கண்ணாடி வழியாக முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாற்காலிகளைப் போட்டவள் தேவசித்தத்தின் மனைவி ஜெபக்கனி. ஒவ்வொன்றைச் சுற்றியும் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தாள். இடைவெளி ஆறடி. அளக்க டேப் இல்லை. பழைய சேலை ஒன்றை மூன்றாக மடித்தால் ஏறக்குறைய ஆறடி வரும் என்று கண்டுபிடித்து, அதைக் கொண்டே அளந்தாள்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. தேவசித்தம் தேயிலைத் தொழிற்சாலையில், சலிக்கிற அறையில், முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். தேயிலைத் தூசி நெஞ்சில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. மார்ச் மாதம் டாக்டர், "இவருக்கு மட்டும் வந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் மாத்திரை எழுதப் போய்விட்டார். அந்த வாக்கியத்தை ஒன்பது மாதமாக ஜெபக்கனி தினமும் தனக்குள் முடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்கும் அது தெரியும். தினமும் காலையில் தேவசித்தம் அதன் அருகே நின்று எதிர் மலையைப் பார்ப்பார். அவர் மூச்சு கண்ணாடியில் படியும். முன்பெல்லாம் அது உள்ளங்கை அகலம் இருந்தது. இந்தக் குளிரில் ஒரு ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

"வந்தவர்களை முற்றத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்" என்றது கதவு. "இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு அவமானத்தை நான் பார்த்ததில்லை."

"குளிரில் பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றது மூலையில் இருந்த ஹீட்டர். "என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்து நிமிஷத்தில் இந்த அறையைக் கோயம்புத்தூர் ஆக்கிவிடுவேன்."

"வெளியே இருப்பதுதான் நல்லது" என்றது ஜன்னல்.

"உனக்கு என்ன தெரியும்? உன் வேலை வேடிக்கை பார்ப்பது" என்றது கதவு.

ஜன்னலைத் திறந்து இரண்டு வருஷம் ஆகிறது. பெயின்ட் அடித்தவர்கள் தாழ்ப்பாளையும் சட்டத்தையும் சேர்த்து ஒரே பச்சையாகப் பூசிவிட்டுப் போனதிலிருந்து, வேடிக்கை பார்ப்பது தவிர அதற்கு வேறு வேலை இல்லை.

வந்திருந்தவர்கள் ஆறு பேர். தேவசித்தத்தின் தங்கை லில்லிபுஷ்பம், அவள் கணவர் தங்கையா, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். மேட்டுப்பாளையத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு நாள் எல்லோரும் கூடிக் கீர்த்தனை பாடுவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். அண்ணன்தான் மேல் ஸ்தாயி எடுப்பார். ஜெபக்கனி போனிலேயே சொல்லிவிட்டாள்: வெளியே உட்காருவது, மாஸ்க் போட்டுக்கொள்வது, பாட்டு கிடையாது, பேச்சு மட்டும்.

லில்லி வட்டத்துக்குள் உட்கார்ந்து சுண்ணாம்பைச் செருப்பால் தேய்த்தாள்.

"சேலையை வெச்சு சொந்தத்தை அளக்கிறீங்களா, மதினி? இன்னும் எத்தனை முழம் தள்ளி வைக்கணும்?"

"ஆறடி போதும் லில்லி. அதுக்கு மேல தள்ள எனக்கும் மனசு வரல."

"பிள்ளைங்க கேக்குதுங்க, நாம என்ன கபடி ஆட வந்திருக்கமான்னு."

தேவசித்தம் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. எதிர் வட்டத்தில் தங்கையாவும் இருமினார்.

"என்ன மாப்ள, உங்களுக்கும்?"

"மலைக்குளிர் மச்சான். நமக்கு ஒத்துக்காது" என்றார் தங்கையா.

ஜெபக்கனி அவரை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். ஜன்னலும் பார்த்தது.

ஐந்து மணிக்குத் தூறல் விழுந்தது. முதலில் சுண்ணாம்பில் புள்ளி புள்ளியாக. பிறகு சின்னப் பேரப்பிள்ளை அழ ஆரம்பித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் ஜெபக்கனியின் முகத்தையே பார்த்தார்கள்.

லில்லி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள். "எங்கம்மா இருந்த வீடு. மழைல ஒரு நாய் வந்து நின்னாக்கூட அவங்க உள்ள விட்டிருப்பாங்க."

ஒன்பது மாதமாகச் செய்தித்தாளை வெயிலில் காயவைத்தவள், காய்கறியை உப்புத் தண்ணீரில் கழுவியவள், பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியவள், அந்த ஒரு வார்த்தையில் தோற்றுப்போனாள்.

"உள்ள வாங்க" என்றாள்.

கதவு அகலமாகத் திறந்துகொண்டது. "இப்போதுதான் இது வீடு" என்றது. எட்டுப் பேரும் உள்ளே வந்ததும் அதைச் சாத்தினார்கள். வாடைக்காற்று நுழையாமல் இருக்க அடியில் ஒரு கோணியைத் திணித்தார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. தேவசித்தத்துக்கு நல்ல இடம் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் போட்டி போட்டார்கள். ஹீட்டருக்கு முன்னால், அறையின் நடுவில், ஜன்னலுக்கு எட்டாத தூரத்தில் அவரை உட்கார வைத்தார்கள். லில்லி அவர் காலில் கம்பளி போர்த்தினாள். அன்பில் எந்தக் குறையும் இல்லை.

காபி வந்தது. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு காபி குடிக்க முடியாது. அச்சுமுறுக்கு வந்தது. மாஸ்க்குகள் கழுத்துக்கு இறங்கின, பிறகு பாக்கெட்டுக்குப் போயின. காபி குடித்த தொண்டைக்குப் பாடாமல் இருக்கத் தெரியவில்லை. லில்லியின் மகன் மெல்லத் தொடங்கினான், மருமகள் சேர்ந்துகொண்டாள். ஜெபக்கனி, "மெதுவா" என்றாள். அப்புறம் அவள் உதடும் அசைந்தது.

ஜன்னலுக்கு முதலில் ஓரங்கள் மங்கின. பிறகு ஆறு கண்ணாடிகளும் வெளுத்தன. உள்ளே வெளிவிட்ட மூச்செல்லாம் போக வழியில்லாமல் அதன் மேல் வந்து உட்கார்ந்தது. மற்றவர்கள் பாட்டைக் கேட்டார்கள். ஜன்னல் மூச்சைப் பார்த்தது. ஒருவர் விட்டதை அடுத்தவர் எடுத்தார். அவர் விட்டதைக் குழந்தை எடுத்தது. நடுவில் தேவசித்தம், மேல் ஸ்தாயிக்காக நெஞ்சு விரிய, இருந்ததையெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தார்.

"போதும், நிறுத்தச் சொல்" என்றது ஜன்னல்.

"எதை?" என்றது ஹீட்டர். "அவர் கன்னத்தைப் பார். இந்த மாதம் முழுக்க அதில் நிறமே இல்லை. நான்தான் கொண்டுவந்தேன்."

"சொந்தபந்தம் சந்தோஷமாக இருப்பது உனக்குப் பொறுக்கவில்லை" என்றது கதவு.

அப்போது தங்கையா எழுந்து ஜன்னல் ஓரம் வந்தார். கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு சத்தம் வராமல் இருமினார். லில்லி பின்னாலேயே வந்தாள்.

"காலைல போட்ட மாத்திரை வேலை முடிஞ்சிருச்சு போல, லில்லி. உடம்பு கொதிக்குது."

"சும்மா இருங்க. இந்தப் பாட்டு முடியட்டும், கிளம்பிரலாம்."

"காலைலயே சொல்லிருக்கணும்."

"சொல்லிருந்தா மதினி வரவேண்டாம்னுருப்பாங்க. எங்க அண்ணனை நான் பாத்து பத்து மாசமாச்சு. அடுத்த கிறிஸ்துமஸ்க்கு அண்ணன் இருக்குமோ இருக்காதோ."

அதைக் கேட்டது ஜன்னல் மட்டும்தான். தங்கையா பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு பட்ட இடத்தில் கண்ணாடி சுட்டது.

வெளியே யாரோ தட்டினார்கள். வாடைக்காற்று.

"என்ன ஜன்னல், இந்தக் குளிரில் இப்படி வேர்த்து நிற்கிறாய்?"

"இது என் வேர்வை இல்லை. எட்டுப் பேருடைய மூச்சு. அதில் ஒன்றில் காய்ச்சல் இருக்கிறது."

"கதவு?"

"சாத்தியிருக்கிறது. அடியில் கோணி."

"நீ திற."

"முடியாது. தாழ்ப்பாளைப் பெயின்ட் பிடித்துக்கொண்டது."

வாடை வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. "உன் கீழ் வரிசையில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறதே? பிரவுன் டேப் ஒட்டியிருக்கிறார்கள். உள்பக்கம் சூடு, வெளிப்பக்கம் நான். நீ கொஞ்சம் இடம் கொடுத்தால் போதும்."

உடைந்த கண்ணாடி எங்கே போகும் என்று ஜன்னலுக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பழைய பாட்டில்களோடு. "உன்னைத் தடுக்கத்தான் என்னைச் செய்தார்கள். உடைந்தால் நான் ஜன்னலா?"

"அதை உடைந்த பிறகு பேசிக்கொள்ளலாம்."

"உன்னைக் கண்டு பயப்படுகிறார்கள்."

"பயப்படட்டும். நான் நல்லவன் என்று சொல்லவில்லை. போகிற இடத்தில் எதையும் தங்கவிட மாட்டேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை."

உள்ளே பாட்டு கடைசிச் சரணத்துக்கு வந்திருந்தது. தேவசித்தம் கண்ணை மூடி, மேல் ஸ்தாயிக்கு மூச்சு இழுக்க வாயைத் திறந்தார்.

ஜன்னல் பிடியைத் தளர்த்தியது. வாடை ஒரே அடி அடித்தது. டேப்போடு சேர்ந்து கண்ணாடி அறைக்குள் விழுந்தது.

பாட்டு நின்றது. குழந்தைகள் அலறின. ஹீட்டர், "கதவைச் சாத்து, கதவைச் சாத்து" என்று கத்தியது. கதவு, "நான் சாத்தித்தான் இருக்கிறேன்" என்றது.

"கண்ணாடி போனா போகுது" என்றார் தேவசித்தம் மூச்சு வாங்கியபடி. "கேக் வந்த அட்டையை எடுத்துச் சொருகு, ஜெபக்கனி. பிள்ளைங்களுக்குக் குளிரும்."

ஜெபக்கனி அட்டையை எடுத்துக்கொண்டு ஓட்டைக்கு எதிரே போய் நின்றாள். காற்று அவள் முகத்தில் அடித்தது. பக்கத்துக் கண்ணாடிகளில் வெளுப்பு ஓரத்திலிருந்து கலைந்து, நீராக இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. அவள் ஒரு விரலால் அதைத் தொட்டாள்.

"இவ்வளவும் நாம விட்ட மூச்சா?" என்றாள்.

தங்கையாவின் கைக்குட்டையை அவள் அப்போதுதான் பார்த்தாள். கண்களையும் பார்த்தாள். அட்டையைக் கீழே போட்டாள்.

"எல்லாரும் எழுந்திருங்க. வேன்ல ஏறுங்க."

"மழை பெய்யுது மதினி."

"பெய்யட்டும்."

"அண்ணே, கேட்டியா? நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

தேவசித்தம் கம்பளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். லில்லி செருப்பை மாட்டினாள். "இனிமே இந்த வாசப்படி ஏற மாட்டேன். செத்தாலும் ஏற மாட்டேன்."

முதலில் வெளியே இறங்கியவர் தங்கையா. திரும்பாமலே சொன்னார். "ஜெபக்கனி தங்கச்சி சொல்றது சரிதான், லில்லி. நட."

எட்டுப் பேரும் அந்த அறையில் ஐம்பது நிமிஷம் இருந்தார்கள். கண்ணாடி உடைந்தபின் இருந்தது கடைசி ஐந்து நிமிஷம்தான். ஜன்னல் எவ்வளவைக் காப்பாற்றியது என்று யாரும் சொல்ல முடியாது. ஜன்னலும் சொல்லிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 30 அன்று தங்கையாவுக்கு நோய் உறுதியானது. ஜனவரி 1 அன்று தேவசித்தத்துக்குக் காய்ச்சல் வந்தது. ஜெபக்கனி அவர் கட்டிலை ஜன்னலுக்குக் கீழே இழுத்துப் போட்டாள். அன்று மத்தியானம் முழுக்கக் காய்கறிக் கத்தியால் தாழ்ப்பாளின் பெயின்டைச் சுரண்டினாள். நாலு மணிக்குத் தாழ்ப்பாள் அசைந்தது. இரண்டு வருஷம் கழித்து ஜன்னல் கையை நீட்டியது.

திறந்து விரிந்த கண்ணாடியில் மூச்சு படியாது. ஒரு ரூபாயா, பட்டாணியா, ஒன்றுமே இல்லையா என்று பார்க்க ஜன்னலுக்கு வழியில்லாமல் போனது. அது கேட்க மட்டும் செய்தது. கட்டிலிலிருந்து வருகிற ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் உள்ள நேரத்தில் அது பயந்தது. வாசலில் இருந்தபடி கதவும் பயந்தது. "நான்தான் திறந்தேன்" என்று ஒரு நாள் தானாகச் சொன்னது. ஹீட்டர் எதுவும் சொல்லவில்லை. அதன் வயரைப் பிடுங்கி வைத்திருந்தார்கள்.

ஐந்தாம் தேதி இரவு, மூச்சுகளுக்கு நடுவில் உள்ள அந்த நேரம் ரொம்ப நீண்டது. ஜெபக்கனி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, டாக்டர் முடிக்காத வாக்கியத்தை வாய்விட்டு முடித்தாள். வாடை வந்து, கட்டிலைத் தொடாமல், அறையைச் சுற்றி வெளியே போனது.

தங்கையா ஜனவரி 11 அன்று ஆஸ்பத்திரியில் இறந்தார். அடக்கத்தை இந்த வீட்டில் போனில் பார்த்தார்கள்.

2021 ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு இருபதுக்கு லில்லிபுஷ்பம் தனியாக வந்தாள். மழை இல்லை. கதவு திறந்திருந்தது. "உள்ள வா லில்லி" என்றாள் ஜெபக்கனி. லில்லி படி ஏறவில்லை. திறந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தாள். அவர் கையைத் தூக்கினார். அவள் முற்றத்தில் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டு, "மதினி, அந்தச் சேலையைக் கொண்டாங்க" என்றாள். மூன்றாக மடித்த சேலையின் ஒரு முனையை லில்லி பிடித்தாள், மறுமுனையை ஜெபக்கனி பிடித்தாள். இடைவெளி சரியாக இருந்தது.