சந்தைக்குள் போன நியூட்ரினோ

"டீச்சர், நான் ஊருக்குப் போறேன்," என்றான் இளவழகன்.

"போறேன்னு சொல்லாத. போயிட்டு வரேன்னு சொல்லு."

"வர மாட்டேன். அதான் போறேங்கறேன்."

ரெஜினா டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. இருவருக்கும் ஒரே வயசுதான். அவள் முந்திப் படித்து முடித்ததால் டீச்சர்.

சந்தையை ஒட்டிய ஆராய்ச்சிக்கூடத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. மூடி போட்டு உள்ளே கும்மிருட்டு. நியூட்ரினோ என்ற நுண்துகள் வந்து மோதினால் துளி வெளிச்சம் தெரியும். அதைப் பார்ப்பதுதான் அவன் வேலை.

இதுவரை ஒன்றும் தெரியவில்லை.

"எலக்ட்ரானாவது தேவலை டீச்சர். ஈயத்துக்குள்ள விட்டா விட்ட இடத்துலயே மாட்டிக்குது. இந்த நியூட்ரினோ பூமியையே துளைச்சுக்கிட்டுப் போகுது. எதையும் தொடறதில்ல."

டீச்சர் இடுப்பிலிருந்த தன் கைக்குழந்தை ஜெபாவை அவன் கையில் கொடுத்தாள்.

"கீழ சந்தையில ஒரு முழம் பூ வாங்கிட்டு வா."

சந்தை வாசலைக்கூடத் தாண்ட முடியவில்லை. ஆளாளுக்கு நிறுத்தினார்கள்.

"கழுத்தைப் பிடிங்க தம்பி!"

"திருஷ்டிப் பொட்டு வைக்கலையா?"

"அப்பன் மூக்கு அப்படியே இருக்கு!"

"ஐயோ, நான் அப்பன் இல்லீங்க."

பூ வாங்காமலே மாடி ஏறி வந்தான். சட்டையெல்லாம் வேர்வை.

"இப்ப நீ யாரு?" என்றாள் டீச்சர்.

"எலக்ட்ரான்."

"சரி. பிள்ளையைக் குடுத்துட்டுக் கிளம்பு."

"சுத்துத் தெருவுல போறேன். காலியா இருக்கும்."

"வேணாம். நெரிசல்லயே போ."

போனான். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாடியில் நின்ற டீச்சருக்கும் அவன் எங்கே என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வந்துவிட்டது.

வளையல் கடையில் மடியில் பிள்ளையோடு ஒரு பெண், வளையல் ஏற்றக் கைக்குச் சோப்பு போட உட்கார்ந்தவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, செத்த நேரம் பிடிங்க."

அவ்வளவுதான். பிள்ளை அவன் கையில் இருந்தது. வீல் என்று கத்தியது.

சந்தையே திரும்பியது.

"தட்டிக் குடுங்கய்யா!"

"தூக்கிக் காட்டுங்க, அம்மா முகம் தெரியட்டும்!"

பதறிப்போய் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கினான்.

மாடியில் டீச்சர் ஜெபாவின் கையைப் பிடித்து ஆட்டினாள்.

"இளவழகா! இப்பத் தெரியுற!"

தூக்கிய கை தூக்கியபடி நின்றான். பஸ் ஹாரன் அடித்தது. அவன் நகரவில்லை.

வளையல் குலுங்க ஒரு கை வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டது.

"டீச்சர்!" கூட்டத்து நடுவிலிருந்து கத்தினான். "தொட்டி மூடியை யாராவது திறந்துடப் போறாங்க! இதோ நான் வந்துட்டேன்!"