நூற்றொன்றாவது மின்மினி

ஒரு காட்டில், மழைமூட்டத்தில் பகலே இருண்டு கிடக்கும் காட்டில், ஒரு தூக்கணாங்குருவி மூன்று குஞ்சுகளோடு வாழ்ந்தது. ஓரிடத்தில் உட்காராத குருவி. கவலைப்படுவதற்கென்றே பிறந்தது என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள்.

கூட்டுக்கு வெளிச்சம் மின்மினிதான். களிமண் பொட்டு வைத்து ஒன்றை ஒட்டினால் ஒரு நாள் ஒளி தரும். மின்மினிகளுக்கெல்லாம் அதிகாரி நரி.

"முப்பது நாளைக்கு ஒருமுறை ஆமை வந்து பொட்டுகளை எண்ணி அழிக்கும். நூறு வரை இலவசம்! நூற்றைத் தாண்டினால் முதல் பொட்டிலிருந்தே ஒன்றுக்கு ஒரு தினை" என்று அறிவித்தது நரி. காடே ஆர்ப்பரித்தது.

குருவி நாளுக்கு மூன்று என்று சிக்கனமாக ஒட்டியது. முப்பதாம் நாள் தொண்ணூறு. "அப்பாடா!" என்று ஆமைக்காகக் காத்திருந்தது.

ஆமை வரவில்லை.

குருவி கிளைக்கும் வாசலுக்குமாகப் பறந்து பறந்து வழி பார்த்தது. முப்பத்து மூன்றாம் நாள் தொண்ணூற்றொன்பது. மறுநாள் ஒன்றே ஒன்று ஒட்டியது. நூறு!

முப்பத்தைந்தாம் நாள் எதுவும் ஒட்டவில்லை. கும்மிருட்டில் கடைக்குட்டி தடுமாறிக் கூட்டு வாசலுக்கே வந்துவிட்டது. கீழே ஆறு.

"ஐயோ, என் கண்ணே!" என்று அதை உள்ளே இழுத்த குருவி, வேறு வழியில்லாமல் இன்னொரு மின்மினியை ஒட்டியது.

மறுநாள் காலை ஆமை வந்து கழுத்தை நீட்டி எண்ணியது.

"நூற்றொன்று. நூற்றொரு தினை எடு."

மழைக்காலத்துக்குச் சேர்த்து வைத்ததே நூற்றிருபதுதான். குருவிக்கு அழுகை முட்டியது.

"ஆமையண்ணா, முப்பதாம் நாளே வந்திருந்தால் தொண்ணூறுதானே! ஏன் இத்தனை தாமதம்?"

"என் நடை இவ்வளவுதானம்மா. இந்த வேலையை நானா கேட்டேன்? கேட்டது முயல். 'நீ ரொம்ப வேகம், எனக்கு ஆமைதான் வேண்டும்' என்று நரியார் சொல்லிவிட்டார்."

குருவியின் அழுகை சட்டென்று நின்றது. தினையை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கூடு கூடாகப் பறந்து விஷயத்தைச் சொன்னது.

அடுத்த முப்பதாம் நாள் விடியும்போது குருவிகளெல்லாம் நரியின் குகை வாசலில் நின்றன.

"நரியாரே, நாள் முடிந்தது. ஆமைக்காகக் காத்திருக்க மாட்டோம். நீரே வந்து எண்ணும்!"

"இன்று எனக்கு உடம்பு..." என்று இழுத்தது நரி.

"எங்களுக்கும்தான் வயிறு இருக்கிறது. நடவும்!"

கொட்டும் மழையில் நரி கூடு கூடாகப் போய் எண்ணியது. ஒரு கூட்டிலும் நூறு தாண்டவில்லை.

நீதி: சலுகை எவ்வளவு என்று மட்டும் கேளாதே, அளக்க வருபவர் எப்போது வருவார் என்றும் கேள்.