இரண்டாயிரத்து நாற்பது வரை

“டீச்சர், நான் யாருக்காக ஸ்கேன் பண்றேன்?”

கேட்டவர் இருதயராஜ். வயது அறுபத்திரண்டு. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் ஒரு சிறு நூலகத்தில், பழைய புத்தகங்களைக் கணினியில் ஏற்றும் வேலையை ஜெமிலாவிடம் கற்றுக்கொண்டிருந்தார். ஜெமிலா அவரைவிட இருபது வயது இளையவள்.

அவள் நிமிரவில்லை. “எந்தப் புத்தகம் அண்ணாச்சி?”

“சங்கு குளிக்கிறவங்க சொல்லெல்லாம் தொகுத்தது. முந்நூத்திப் பன்னெண்டு பக்கம். தொட்டா உதிருது. ஒன்பது நாள் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் புரட்டினேன். இப்போ கணினியில பூட்டிக் கிடக்கு.”

“எழுதினவர் எப்போ தவறினார்?”

“எழுபத்தொன்பதுல. அதுக்குப் பிறகு அறுபது வருஷம் பதிப்புரிமை இருக்கு. நாம பத்திரமா ஒரு படி வச்சுக்கலாம், வெளியில விடக் கூடாது. ரெண்டாயிரத்து நாற்பதுலதான் திறக்கலாம். அப்போ நான் இருப்பேனா? அந்தச் சொல்லைப் பேசற ஆள் ஒருத்தராவது இருப்பாங்களா?”

“வாரிசு சம்மதிச்சா இன்னைக்கே திறக்கலாம்.”

“ஒரே மகள். தூத்துக்குடியில இருக்காங்க, பிலோமி. சம்மதப் படிவத்தோட மூணு தடவை போனேன். மூணு தடவையும் கதவைச் சாத்திட்டாங்க.”

இருதயராஜ் திரையைப் பார்த்தார். பூட்டை எடுக்க ஒரு சொடுக்குப் போதும். விரல் மவுஸின் மேல் இருந்தது.

ஜெமிலா அதைப் பார்த்தாள். தடுக்கவில்லை.

“அண்ணாச்சி, நீங்க அந்தப் புத்தகத்தை வாசிச்சீங்களா?”

“ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணியிருக்கேன்.”

“அதைக் கேக்கலை.”

அவர் விரலை எடுத்தார்.

ஜெமிலா எழுந்து அலமாரியைத் திறந்தாள். புத்தகத்தை அட்டைப்பெட்டியில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

“டீச்சர், இது ஒண்ணுதானே இருக்கு! பஸ்ல கொண்டு போறதா? உடைஞ்சு போச்சுன்னா?”

“அந்தம்மாகிட்டக் கொண்டு போங்க.”

வழி முழுக்க இருதயராஜ் பெட்டியை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்திருந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதைச் சற்றுத் தூக்கிக்கொண்டார்.

பிலோமி கதவைப் பாதிதான் திறந்தாள். எழுபது வயதிருக்கும்.

“மறுபடியுமா? எங்கப்பா உயிரோட இருக்கும்போது இதை ஒருத்தரும் சீந்தலை. இப்போ ஊருக்கெல்லாம் சும்மா வேணுமோ? போங்க.”

அவர் பெட்டியைத் திறந்தார்.

அவள் கை கதவிலிருந்து நழுவியது. “இது எங்க வீட்டிலேயே கிடையாது. இருந்த ஒண்ணும் புயல் வருஷத்துல நனைஞ்சு போச்சு.” கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “எழுத்துத் தெரியலை. வாசிங்க.”

வாசலிலேயே உட்கார்ந்து வாசித்தார். முதல் தாள் ஓரம் ஒடிந்து அவர் வேட்டியில் விழுந்தது. அதை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு முன்னுரையைத் தொடர்ந்தார்.

“இச்சொற்கள் என்னுடையவை அல்ல. எனக்குச் சொல்லித் தந்தவர்கள்: கயித்தான், மீரா சாகிபு, மூக்காண்டி, தொம்மை…”

“தொம்மை மாமாவா?” அவள் குரல் மாறியது. “ராத்திரி காது வலியில துடிப்பாரு. அடுத்த நாள் காலையில மறுபடி கடல்ல இறங்குவாரு. நிறுத்தாதீங்க, வாசிங்க.”

பதினேழு பெயர்கள். கடைசிப் பெயர் முடிந்ததும் அவள் கேட்டாள்.

“இவங்க பிள்ளைகள்கிட்டயும் படிவம் நீட்டினீங்களா?”

“இல்லைம்மா. சட்டப்படி உரிமை உங்களுக்கு மட்டுந்தான்.”

“எங்கப்பா இவங்ககிட்டக் கையெழுத்து வாங்கினாரா?”

இருதயராஜ் புத்தகத்தை மெல்லப் பெட்டியில் வைத்தார்.

பிலோமி கையை நீட்டினாள்.

“படிவத்தைக் குடுங்க, போடுறேன். அவங்க யாருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது.”