கரடி நாட்டில் புலி ராஜாவின் நல்லெண்ணப் பயணம்

மூங்கில்வனத்தில் வரியன் என்ற புலி ராஜாவாக இருந்தார். அந்த வருடம் கோடை பாடாய்ப் படுத்தியது. குளம் வற்றிச் சேறானது. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. எல்லையில் ஓடிய ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. தாகம் தாங்காத மான்கள் அந்த மணலையே நக்கிப் பார்த்தன.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரடிகளின் தேன்மலை. அங்கே ஒரு சுனை உண்டு. எந்தக் கோடையிலும் வற்றாத சுனை. ஆனால் கரடிகளுக்கும் புலிகளுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பேச்சுவார்த்தையே கிடையாது.

முறக்காதி என்ற யானை எல்லா விலங்குகளின் சார்பாகவும் ராஜா முன் வந்து நின்றது.

"மகாராஜா! இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனா ஒருத்தரும் உயிரோட இருக்க மாட்டோம். நீங்களே நேர்ல போய்த் தண்ணி கேளுங்க!"

"நானா? கரடிகிட்டயா?" ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. புலி ராஜா ஒருவர் பக்கத்து நாட்டுக்குப் போய் ஒன்றைக் கேட்டதாக அந்தக் காட்டில் யாருமே கேள்விப்பட்டதில்லை.

கீரி மந்திரி நெடுவால் குதித்து முன்னால் வந்தது. "கேட்கப் போறோம்னு ஏன் சொல்லணும் மகாராஜா? நல்லெண்ணப் பயணம்னு சொல்லுவோம்! ரெண்டு நாட்டு உறவைப் பலப்படுத்தப் போறோம்னு சொல்லுவோம்! தண்ணிப் பேச்சு தானா வந்துடும்."

பெயர் வைப்பதில் மந்திரிகளை மிஞ்ச முடியுமா? ராஜாவுக்கும் அது பிடித்துப் போயிற்று. கீரியைக் கூட்டிக்கொண்டு மணல் ஆற்றைத் தாண்டினார்.

தேன்மலையில் கரடிகள் வரிசையாக நின்று இலுப்பைப் பூக்களைத் தூவின. கரடி ராணி உளியம்மை இரண்டு கைகளையும் விரித்து வரவேற்றார். "வாங்க புலியாரே! நம்ம வீடு மாதிரி நினைச்சுக்குங்க!"

புலி ராஜா நடந்துகொண்ட விதத்தை மெச்சத்தான் வேண்டும். ஒரு முறைகூட உறுமவில்லை. விருந்தில் புற்றுக் கறையானை வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கி, "அருமை!" என்றார். எதிரே கொழுத்த மான் ஒன்று போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று புலியைத்தான் கேட்க வேண்டும்.

ராணி தன் நாட்டைச் சுற்றிக் காட்டினார். பாறை முழுக்கத் தொங்கும் தேனடைகள், பலா மரங்கள், குட்டிகள் தூங்கும் குகை. போகும் வழியெல்லாம் ராஜா இடையிடையே நின்றார். நின்ற இடத்திலெல்லாம் கீரி எழுதிக் கொடுத்த ஒரு பேச்சு. "இந்த மலை உங்களுடையது! நான் வெறும் விருந்தாளி! நம் நட்பு வாழ்க!" பேச்சு முடிந்ததும் மற்றவர்கள் முன்னால் நடப்பார்கள். ராஜா கொஞ்சம் பின்தங்கி வருவார். பெரியவர்தானே, மெதுவாகத்தான் வருவார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சுனைக்கரைக்கு வந்ததும் ராணியே பேச்சை எடுத்தார். "உங்க பக்கம் குளம் வத்திப் போச்சாமே? பாவம், வாயில்லா ஜீவன்கள். உங்க குடிகள் எல்லாரும் இங்க வந்து குடிக்கட்டும். பிரிவு விருந்துல எல்லார் முன்னாலயும் அறிவிச்சுடறேன்."

ராஜாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கீரி தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள முடியாமல் தவித்தது.

பிரிவு விருந்து ஒரு பெரிய வாகை மரத்தின் அடியில் நடந்தது. ராணி ஒரு தேனடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாயைத் திறந்தார். அப்போது இரண்டு காவல் கரடிகள் மூச்சிரைக்க ஓடி வந்தன.

"அம்மா! மோசம் போனோம்! பலா மரத்துல புலி நகக் கீறல்!"

"இலுப்பை மரத்துலயும் கீறல்! சுனைக்கரை நாவல் மரத்துலயும் கீறல்! நம்ம குட்டிங்க தூங்குற குகை வாசல் மரத்துலகூட கீறல்! கிட்ட போனா புலி வாடை!"

கூட்டம் உறைந்து போனது. புலி நின்றபடி மரத்தைக் கீறினால் என்ன அர்த்தம் என்று காட்டில் தெரியாதவர் உண்டா? 'இது என் இடம். மற்றவர்கள் வெளியே போங்கள்.' அதுதான் அர்த்தம்.

ராணியின் கையிலிருந்த தேனடை கீழே விழுந்தது.

"வாயில நட்பு, நகத்துல பட்டாவா?"

ராஜா பதறிவிட்டார். "ஐயோ! நானா? சத்தியமா நான் இல்லை! உங்க மரம் ஒண்ணைக்கூட நான் தொடலை!"

சொல்லிக்கொண்டே எழுந்தார். பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றார். முன்னங்கால்கள் இரண்டும் வாகை மரத்தின் மேல் போய் உட்கார்ந்தன. சர்ரக்! சர்ரக்! பட்டை உரிந்து ராணியின் இலையில் விழுந்தது.

கரடிகள் வாய் பிளந்து நின்றன. எல்லோருடைய பார்வையும் போன இடத்தை ராஜாவும் பார்த்தார். அங்கே அவருடைய நகங்களே இருந்தன. தன் கால்களைப் பார்த்துத் தானே இப்படி அதிர்ந்து போன புலி வேறு இருக்காது. சிறு வயதிலிருந்தே நின்ற இடத்தில் மரத்தைக் கீறுவது அவருக்கு வழக்கம், நாம் தலையைச் சொறிவது மாதிரி. சொந்தக் காட்டில் எல்லா மரமும் அவருடையதுதான். அதனால் ஒருவரும் எடுத்துச் சொன்னதில்லை.

ராணி கீரியைப் பார்த்தார். "நீ கூடவேதானே இருந்தே? பார்க்கலையா?"

"பார்த்தேன். ராஜா செய்யறதை வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" கீரி நெளிந்தது. "அதோட, நீங்கதானே நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கச் சொன்னீங்க!"

"நினைச்சுக்கத்தான் சொன்னேன். எழுதி வாங்கிக்கச் சொல்லலை!"

ராஜா தலையைக் குனிந்தார். கீரி எழுதிக் கொடுத்த பேச்சு ஒன்றும் இப்போது வாயில் வரவில்லை. "ராணி! தப்பு என்னோடது. அங்க என் குடிகள் நாக்கு வறண்டு கிடக்குறாங்க. அவங்களைத் தண்டிச்சுடாதீங்க."

ராணி கீழே விழுந்த தேனடையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்: "உங்க குடிகள் வரட்டும், குடிக்கட்டும். நீங்க மட்டும் ஆத்தைத் தாண்டக் கூடாது. இந்தக் கோடைக்கு மட்டும் இல்லை. எப்பவுமே!"

கீரி ஏதோ சொல்ல வாயெடுத்தது. ராஜா அதை ஒரு பார்வை பார்த்தார். "சம்மதம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். வழியில் எந்த மரத்தின் பக்கமும் போகவில்லை.

மறுநாள் மூங்கில்வனமே மணல் ஆற்றைத் தாண்டிப் போனது. மான்கள் துள்ளிப் போயின. பன்றிகள் முண்டியடித்துப் போயின. ராஜா மட்டும் இந்தக் கரையில், சுடும் மணலில் படுத்துக் கிடந்தார். நாக்கு வெளியே தொங்கியது. சுனைப் பக்கம் எழுந்த ஆரவாரம் அவர் காதில் விழுந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

முறக்காதி தும்பிக்கை நிறையத் தண்ணீர் கொண்டு வந்து அவர் வாயில் ஊற்றியது. ராஜா குடித்து முடித்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்தப் பக்கம் நான் நட்பைப் பத்தி அவ்வளவு பேசினேனே. அதைப் பத்தி ஏதாவது சொல்றாங்களா?"

"இல்லை மகாராஜா," என்றது யானை. "நீங்க பேசினது அங்க ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. போறவங்க வர்றவங்க எல்லாருக்கும் மரத்தைத்தான் காட்டுறாங்க."

நட்பைத் தேடிப் போகிற இடத்தில் நம் வாய் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள், நம் கை செய்வதையே நம்புவார்கள்.