பன்னிரண்டாவது திண்டு

அன்று தொட்டில் அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். எஞ்சின் வேலை கற்றுத்தரும் அகிலாண்டம் டீச்சர். அவரைவிட வயதில் மூத்த மாணவர் மாசிலாமணி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ரெஜினா. நான்கு குழந்தைகள். நான்கும் விண்கப்பலிலேயே பிறந்தவை. அதில் ஒன்று மாசிலாமணியின் மகள் நிறைமதி.

எஞ்சின் முன்பு அந்த அறைச் சுவருக்கு அடுத்த பக்கம்தான் இருந்தது. பாதி வழியில் கப்பல் நின்றபோது, அதை நீண்ட இரும்புத் தண்டின் நுனிக்குத் தள்ளிவைத்தவர் மாசிலாமணி. தண்டு கப்பலோடு சேரும் இடத்தில் ரப்பர் திண்டுகளும் வைத்தார். அதிர்வு உள்ளே வரக் கூடாது, மகள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றுதான்.

கப்பல் மறுபடி கிளம்பியது. ஒரு சத்தம் இல்லை. பெரியவர்கள் வந்து அவர் கையைக் குலுக்கினார்கள்.

குழந்தைகள் தூங்குவதை நிறுத்திவிட்டன.

"இப்பப் பாலும் குடிக்க மாட்டேங்குதுங்க," என்றாள் ரெஜினா. "உங்க மக கையைப் பாருங்க, குச்சியாயிருச்சு."

"விளக்கைக் குறைச்சுப் பார்த்தியாம்மா?"

"குறைச்சாச்சு. பாடியும் பார்த்தாச்சு. நேத்து நீங்க பாடினதுல அந்தக் கடைசித் தொட்டில் பிள்ளைக்கு விக்கலே வந்துருச்சு."

மாசிலாமணி சிரிக்கவில்லை.

"டீச்சர், எஞ்சினை எங்க வைக்கணும்னு அன்னைக்கே உங்களைக் கேட்டேன். நீங்க பதில் சொல்லல."

"அன்னைக்கு எனக்கும் தெரியாதுண்ணே."

"தண்டு நீளம் பத்தலையோ? ஏதோ ஒரு சத்தம் இன்னும் உள்ள வருது. நமக்குக் கேக்கல, பிள்ளைங்களுக்குக் கேக்குது. இன்னும் தள்ளிவச்சா..."

டீச்சர் நிறைமதியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வாயை மூடியபடி, அடித்தொண்டையில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் முனகினார்.

"ம்ம்ம்ம்ம்..."

குழந்தையின் மூடிய கை விரிந்தது. இமை தாழ்ந்தது.

மூச்சு வாங்க டீச்சர் நிறுத்தினார். குழந்தை வீறிட்டது. மறுபடி முனகினார். அடங்கியது. நிறுத்தினார். வீறிட்டது.

"இது என்ன பாட்டு டீச்சர்? ராகமே இல்ல," என்றாள் ரெஜினா.

மாசிலாமணிக்கு அது தெரிந்தது. அந்த ஒரே சுருதியைத் தொலைக்கத்தான் அவர் அத்தனை பாடுபட்டிருந்தார்.

"வயித்துல இருந்தப்பவே இதைத்தானே கேட்டிருக்கா," என்றார் மெதுவாக.

"என் மூச்சு இவ்வளவுதாண்ணே," என்றார் டீச்சர். "உங்க எஞ்சினுக்கு?"

மாசிலாமணி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வெகுநேரம் கழித்து, பாட்டிலில் இருந்த பால் லேசாக நடுங்கியது. பிறகு தொட்டில் சங்கிலிகள். பிறகு தரை. பழைய சத்தத்தில் பாதிகூட இல்லை. போதுமாக இருந்தது. ஒரு குழந்தை கொட்டாவி விட்டது. அழுகை ஒவ்வொன்றாக ஓய்ந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்த ரெஜினாவும் அப்படியே தூங்கிப்போனாள்.

மாசிலாமணி திரும்பி வந்தார். முழங்கை வரை கரி. கையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு ரப்பர் திண்டு.

"பன்னிரண்டு போட்டிருந்தேன்," என்று கிசுகிசுத்தார். "ஒண்ணைக் கழட்டிட்டு அந்த இடத்துல இரும்பை வச்சுட்டேன். இது இனிமே எதுக்கு டீச்சர்? வீசிடவா?"

டீச்சர் நிறைமதியைத் தொட்டிலில் கிடத்தி, போர்வையை இழுத்துவிட்டார்.

"பத்திரமா வைங்கண்ணே. வளர்ந்த பிறகு ஒருநாள், 'என்னப்பா இது, எப்பப் பாரு இரைச்சல்'னு உங்ககிட்டச் சண்டைக்கு வருவா. அன்னைக்கு வேணும்."

மாசிலாமணி திண்டைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தண்டில் இருப்பவை பதினொன்று. மிச்சம், ஒன்று.