மூன்று கோடு போட்ட தொன்னை

காட்டு ஓடைக்கரையில் ஒரு கரடி தேன் கடை வைத்திருந்தது. தேக்கிலைத் தொன்னையில் தேன் ஊற்றிக் கொடுக்கும். யானை முதல் எறும்பு வரை எல்லோரும் அங்கே வாடிக்கை.

காட்டோரம் கரி சுடுகிறவர்கள் விட்டுப்போன தணலைக் கொண்டுவந்து, மரத்தடியில் பச்சிலை போட்டுக் கரடி மூட்டம் போடும். புகையில் தேனீக்கள் கலைந்துவிடும். தேன் சுலபமாகக் கிடைத்துவிடும். ஆனால் அதே புகை மரப்பொந்துக்குள்ளும் போனது. நாவல் மரத்து அணிலின் பிள்ளைகள் இரண்டு மூச்சு முட்டிச் செத்துப்போயின.

அணில் கடைக்கு வந்தது.

"கரடி அண்ணே, எனக்கு இனி ஒரே பிள்ளைதான் மிச்சம். எங்கள் மரத்தில் மூட்டம் போடாதீர்கள்."

"பார்க்கலாம், போ" என்றது கரடி.

சேதி பரவியது. காடு முணுமுணுத்தது. கரடிக்குக் கவலை வந்துவிட்டது. ஓசித் தேனுக்காகக் கூடவே திரியும் நரியிடம் யோசனை கேட்டது.

"இதற்கா கவலை, முதலாளி? அணில் முதுகில் இருக்கிற மாதிரி ஒவ்வொரு தொன்னையிலும் வெள்ளைக் களிமண்ணால் மூன்று கோடு போடுங்கள். 'அணில்களின் தோழன்' என்று காக்கையை விட்டுக் கூவச் சொல்லுங்கள்."

"புகை?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். வாங்குகிறவர்கள் மரத்தையா பார்க்கப்போகிறார்கள்? தொன்னையைத்தான் பார்ப்பார்கள்."

கோடு போட்ட தொன்னைக்குக் கூட்டம் அலைமோதியது. "இந்தத் தேனைக் குடித்தாலே ஏதோ நல்லது செய்த மாதிரி இருக்கிறது" என்று மான்கள் பேசிக்கொண்டன.

ஒருநாள் யானை தேன் குடித்துக்கொண்டிருந்தபோது, அணில் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"யானை ஐயா, அந்தக் கோடு என்னுடையது. என்னைக் கேட்டு எடுக்கவில்லை. இவன் நெஞ்சில் கொஞ்சம் காது வையுங்கள்."

யானை முறம் போன்ற காதைத் தாழ்த்தியது. அந்தச் சின்ன நெஞ்சுக்குள் கரகரவென்று இழுத்தது. யானை தன் தொன்னையைக் கரடியின் முன்னால் கவிழ்த்து வைத்தது. அந்தக் காட்டில் தொன்னையைக் கவிழ்த்தால், இனி உன் தேன் வேண்டாம் என்று அர்த்தம்.

சேதி கேட்டு மறுநாள் மான் கவிழ்த்தது. பன்றி கவிழ்த்தது. குரங்கு உதட்டை நக்கிக்கொண்டே கவிழ்த்தது. கடை வாசல் முழுக்கக் கவிழ்ந்த தொன்னைகள்.

"நாக்கு எத்தனை நாள் தாங்கும், முதலாளி? எறும்புகள் வரட்டும். தேனைக் கண்டும் காணாமல் போகிற எறும்பு உண்டா?" என்று நரி சிரித்தது. எறும்புகள் வரும் பாதையிலேயே ஒரு குடம் தேனைக் கொட்டியது.

எறும்புகள் வந்தன. முதல் எறும்பு தேன் முன்னால் நின்றது. மீசையை ஆட்டியது. பிறகு இடப்பக்கம் திரும்பி நடந்தது. அதன் பின்னால் ஆயிரம் ஆயிரமாக எல்லாம் திரும்பின. நடுவில் தேன் ஒரு தீவு போலக் கிடந்தது. அதன் விளிம்பில்கூட ஒரு கால் படவில்லை.

காடு மூச்சை அடக்கிப் பார்த்தது. எடுத்த காலைக் கீழே வைக்காமல் யானை அப்படியே நின்றது.

"இவ்வளவு சின்ன உடம்புக்குள் இத்தனை உறுதியா?" என்றது கரடி. நரி எப்போது நழுவிப்போனது என்று யாருக்கும் தெரியாது.

கரடி தணலை எடுத்து ஓடையில் போட்டது. மறுநாள் மூட்டம் இல்லாமல் நாவல் மரம் ஏறியது. தேனீக்கள் சும்மா விடுமா? கொட்டித் தீர்த்தன. வீங்கின மூக்கோடும் அரைக்குடம் தேனோடும் அது கடைக்குத் திரும்பியது. கோடு இல்லாத வெறும் தொன்னைகளை எடுத்து வைத்தது.

யானை அந்த மூக்கைப் பார்த்தது. பிறகு கிளையில் இருந்த அணிலைப் பார்த்தது.

"என்னம்மா சொல்கிறாய், இந்தத் தேனைத் தொடலாமா?"

அணில் பிள்ளையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டது. இழுப்பு குறைந்திருந்தது.

"நீங்கள் குடியுங்கள், ஐயா. போன இரண்டையும் நான் மறக்கவில்லை. எனக்கு வேண்டாம்."

கரடி தலை குனிந்தபடி யானைக்குத் தேன் ஊற்றியது.

அடுத்தவர் துயரத்தைத் தன் சரக்கின் மேல் அழகாக வரைந்துகொள்கிறவன் தோழன் அல்ல. அந்தத் துயரத்தை நிறுத்தத் தானும் வலி தாங்குகிறவனே தோழன்.