பக்கவாட்டுப் பத்தி

சடையப்பனுக்குக் காலையிலிருந்தே தலை சுற்றியது. சர்க்கரை ஆலையில் இருபத்திரண்டு வருஷம் டர்பைன் ஓட்டிய மனுஷன். ஐம்பத்து மூன்று வயதில் ஆலையே கல்லூரிக்கு அனுப்பிவைத்த ஆராய்ச்சி மாணவர். வழிகாட்டி பிலோமினாவுக்கு முப்பத்தைந்துதான். வயசைப் பார்த்தால் வித்தை வருமா? அவர் பார்க்கவில்லை.

வேலை இதுதான். ஆலை டர்பைனின் சுழலும் தண்டைத் தாங்க வாங்கிய புது பேரிங்கில் தண்டு இரும்பைத் தொடாது. முடியிழை கனத்துக்கு எண்ணெய்ப் படலம் இருக்கும், அதன்மேல் மிதந்துகொண்டே சுற்றும். கல்லூரிக் கூடத்தில் மோட்டார் வைத்துச் சுற்றவிட்டு, தள்ளினால் அந்தப் படலம் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது, ஆட்டினால் எவ்வளவு சீக்கிரம் ஆட்டத்தை அடக்குகிறது என்று அளந்து சொல்ல வேண்டும். சாயங்காலம் அறிக்கை போனால் மறுநாள் டர்பைன் முழு வேகத்துக்கு ஏறும். பக்கத்தில் நிற்கப்போவது அவருடைய மச்சான் செங்குட்டுவன்.

அறிக்கையைப் புரட்டிய பிலோமினாவின் விரல் அட்டவணையில் ஓரிடத்தில் நின்றது.

"இந்தப் பத்தி முழுக்கப் பிழைன்னு கழிச்சிருக்கீங்களே, என்ன சார் இது?"

"பக்கவாட்டு நகர்வு மேடம். நான் நேரா கீழே தள்ளுறேன். தண்டு கீழே போகுது, சரி. கூடவே பக்கத்துலயும் போகுது! கீழே அமுக்கினா எவனாச்சும் பக்கத்துல போவானா? நகர்வை அளக்குற சென்சார் கோணல்தான். மூணு தரம் கழட்டி மாட்டிட்டேன், சனியன் போகவே மாட்டேங்குது. அதான் கழிச்சிட்டேன்."

"எந்தப் பக்கம் போகுது?"

"வலது. எப்பவும் வலதுதான்."

"மோட்டாருக்குப் போற ஒயர்ல ரெண்டை மாத்திப் போடுங்க."

"தலைகீழா சுத்துமே மேடம்?"

"சுத்தட்டும்."

ஆலையிலிருந்து இரண்டு போன் வந்தாயிற்று, இந்த அம்மாவுக்கு விளையாட்டாக இருக்கிறதே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒயரை மாற்றினார். எண்ணெய் சூடேறும்வரை காத்திருந்து மறுபடி கீழே தள்ளினார்.

தண்டு இடது பக்கம் போனது.

"சென்சாரைத் தொட்டீங்களா?"

"இல்லையே!"

"கோணல் தானா மாறியிருக்குமா?"

"அதெப்படி மாறும்?"

சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி இருந்தது.

"அப்ப நிஜமாவே பக்கத்துல போகுதா? நான் தள்ளாத பக்கம் தள்ளுறது யாரு மேடம்?"

பிலோமினா அறிக்கையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கழிச்சதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்க."

போட்டார். நம்பாமல் இன்னொரு தரம் போட்டார். முழு வேகத்தில் அந்தப் பக்கவாட்டுத் தள்ளலை அடக்கும் தெம்பு எண்ணெய்க்கு இல்லை. தண்டு தானாகவே ஆட ஆரம்பிக்கும், சுற்றுக்குச் சுற்று ஆட்டம் கூடும். அப்புறம் பேரிங்கும் மிஞ்சாது, பக்கத்தில் நிற்கிறவனும் மிஞ்சமாட்டான். அடப்பாவி, என் கையாலேயே இந்த அறிக்கையை அனுப்ப இருந்தேனே என்று நினைத்தார்.

உடனே மானேஜருக்குப் போன் போட்டார்.

"டர்பைனை ஏத்தாதீங்க சார். பேரிங் தாங்காது."

"காலையில நல்லா இருக்குன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"கரும்பு வண்டி வரிசை கட்டி நிக்குதுய்யா! ஏன் தாங்காதுன்னாச்சும் சொல்லு!"

சடையப்பன் ஏத்தாதீங்க, அவ்வளவுதான் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பிலோமினா பக்கம் திரும்பினார்.

"ஏன்னு கேக்குறாங்க மேடம். எண் இருக்கு. ஆனா கீழே தள்ளினது ஏன் பக்கத்துல போகுதுன்னு எனக்கு இன்னும் விளங்கலையே."

"எனக்கும் முதல் தடவை பார்த்தப்ப விளங்கலை சார்," என்றார் பிலோமினா. "ஆனா நான் கழிக்கலை."